பட்டறைக் கேள்வி–பதில்: சூடானால் விடாத கிளட்ச்

கேள்வி: ஐயா, மூன்று குளிர்காலங்கள் வீட்டுக் கராஜில் உழைத்து, லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் வடிவத்தில், பாகங்களாக வாங்கிப் பொருத்தும் ஒரு கிட் காரைக் கட்டி முடித்திருக்கிறேன். சுசுகி ஹயபுசா பைக்கின் இன்ஜினை முன்புறம் வைத்திருக்கிறேன். ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் இன்ஜினோடு வந்தது. பெடலை மிதித்தால் அதற்கு ஆயிலைத் தள்ளும் 5/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரைத் தனியாக வாங்கிப் பொருத்தினேன். காலையில் கிளட்ச் அருமையாக வேலை செய்கிறது. இருபது நிமிடம் ஓட்டியபின் சிக்னலில் நின்றால், பெடலைத் தரைவரை மிதித்திருந்தும் வண்டி முன்னால் இழுக்கிறது, நியூட்ரல் விழுவதில்லை. பெடலை இரண்டு முறை விட்டு மிதித்தால் சரியாகிவிடுகிறது. ஆயில் எங்கும் கசியவில்லை. ஆயில் குழாயில் சிக்கிய காற்றை ஐந்து முறை வெளியே எடுத்துவிட்டேன். கிளட்ச் பிளேட்டுகள் வளைந்திருக்கும், மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். மாற்றட்டுமா?
— ஆர். எஸ்., சோலிஹல், இங்கிலாந்து

பதில்: பிளேட்டுகளைத் தொடாதீர்கள். நண்பர்கள் வாங்கச் சொல்லும் பெட்டியை இப்போதைக்குக் கடையிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. இரண்டு முறை மிதித்தால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். வளைந்த பிளேட் பத்து முறை மிதித்தாலும் வளைந்தேதான் இருக்கும். மிதிக்க மிதிக்கத் திரும்பி வருகிறது என்றால் குறைவது ஆயிலின் கொள்ளளவு. மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலில் ஒரு பகுதி ஸ்லேவ் சிலிண்டரை அசைக்காமல் வேறெங்கோ வீணாகிறது.

எவ்வளவு ஆயிலைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் மனத்தில் பதிய வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றியதும் அதன் பிஸ்டனை வெர்னியரால் அளந்து பாருங்கள். பேச்சுக்கு 36 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் பிளேட்டுகளை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தூக்க, அந்தப் பிஸ்டன் தள்ளும் புஷ் ராடு என்ற கம்பி சுமார் 2 மி.மீ. நகர வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் தேவைப்படுவது 2 மில்லி லிட்டர் ஆயில். ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை! இந்தப் பாதித் தேக்கரண்டியில் ஒரு மில்லி லிட்டர் அளவுக்குக் காற்று எங்கேயாவது ஒளிந்திருந்தால் உங்கள் கிளட்ச் பாதிதான் விடும். பிரேக்கில் இதே காற்று இருந்தால் பெடல் மெத்தென்று போய் உடனே காட்டிக்கொடுக்கும். கிளட்ச் அப்படிக் காட்டிக்கொடுக்காது. வண்டி இழுக்கத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

காற்று ஏன் ஒளிகிறது என்பதை நான் புரிந்துகொண்டது ஒரு வீணான சனிக்கிழமையில். லிச்ஃபீல்டு அருகே கர்பரோவில் ஸ்பிரிண்ட் பந்தயத்துக்கு நண்பர் ஒருவரின் காரோடு போயிருந்தேன். அதுவும் பைக் இன்ஜின் கார்தான். அங்கே வண்டிகள் ஒவ்வொன்றாக, நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். கோட்டில் நிற்க வேண்டிய கார் தானாக நகர்ந்துகொண்டே இருந்தது. காலையிலிருந்து மாலைவரை நான்கு முறை காற்று எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சுத்தமான ஆயில்தான் வந்தது, ஒரு குமிழியும் இல்லை. மாலையில் வெளிச்சம் சாயும்போது வண்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டுப் பார்த்தேன். பெடல் பெட்டியிலிருந்து கிளம்பிய குழாய் சேஸியின் மேல் கம்பியைத் தாண்டுவதற்காக ஒட்டகத் திமில்போல எழும்பி, மறுபடி கீழே இறங்கி ஸ்லேவ் சிலிண்டருக்குப் போனது. அந்தத் திமிலின் உச்சியில் காற்று உட்கார்ந்திருந்தது. நான் மெதுவாகத் தள்ளிய ஆயில் அதற்குக் கீழேயே ஊர்ந்து போய், காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளில் சுத்தமாக வந்துகொண்டிருந்தது.

பைக்கில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் உண்டு. ஹயபுசாவில் மாஸ்டர் சிலிண்டர் கைப்பிடியில், எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டர் கீழே, இன்ஜினின் இடப்புறம், செயின் ஸ்பிராக்கெட் மூடியில் இருக்கிறது. குழாய் முழுக்க இறக்கம்தான். குமிழி எங்கே பிறந்தாலும் தானாக மேலேறி ஆயில் கிண்ணத்தில் வெளியேறிவிடும். 1999-இல் இந்தப் பைக்கை வெளியிட்ட சுசுகியின் பொறியாளர்கள் அதை ஒரு காருக்குள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நாமோ இன்ஜினைத் தொண்ணூறு பாகை திருப்பி, அதன் இடப்பக்கம் காரின் பின்புறம் பார்க்கும்படி வைக்கிறோம். அப்போதுதான் ஸ்பிராக்கெட் இருந்த இடத்திலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை நேராகப் பின்னச்சுக்குக் கொண்டுபோக முடியும். அதனால் ஸ்லேவ் சிலிண்டர், இன்ஜினுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே காற்று நகராத ஒரு பொந்துக்குள் போய்விடுகிறது. மாஸ்டர் சிலிண்டரோ உங்கள் பாதத்தின் அருகே, கிட்டத்தட்ட அதே உயரத்தில். இரண்டுக்கும் நடுவே குழாய்தான் உயரமான இடம். உங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு டார்ச் விளக்கோடு படுத்துப் பாருங்கள்.

ஆனாலும் என் நினைப்பை நம்பி எதையும் கழற்ற வேண்டாம். முதலில் அளந்துவிடுங்கள். பின் சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டுகளில் ஏற்றுங்கள்; வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போடுங்கள். ஒருவர் பெடலை மிக மெதுவாக அமுக்கட்டும், நீங்கள் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகிக்கொண்டே இருங்கள். ஷாஃப்ட் எந்த இடத்தில் விடுபட்டுச் சுழல்கிறதோ, அந்த இடத்தில் பெடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஓர் அளவுகோலால் அளந்து, பெடல் பெட்டியின் ஓரத்தில் டேப் ஒட்டிக் குறியுங்கள். இது காலை அளவு. பிறகு வண்டியை ஓட்டிச் சூடாக்கி, அதே ஸ்டாண்டில் ஏற்றி, அதே சோதனையைச் செய்யுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சைலன்சர் குழாய் தோலை உரித்துவிடும்.

காலையில் 50 மி.மீ. இறங்கியதும் விட்ட கிளட்ச், சூட்டில் 80 மி.மீ. இறங்கித்தான் விடுகிறது என்று வையுங்கள். பெடலின் நெம்புகோல் விகிதம் 5-க்கு 1 என்றால், மாஸ்டர் சிலிண்டரில் வீணானது 6 மி.மீ. நகர்வு, 5/8 அங்குல விட்டத்துக்கு அது 1.2 மில்லி லிட்டர். இப்போது நீங்கள் தேடுவது ஓர் எண். சந்தேகத்தைத் தேடுவதைவிட எண்ணைத் தேடுவது எளிது.

அடுத்து, அதே சூட்டில் பெடலை முழுக்க மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். சுழன்றுகொண்டிருந்த ஷாஃப்ட் மெல்ல மெல்ல இறுகிப் பிடிக்கத் தொடங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனின் சீலான ரப்பர் கப் ஆயிலைத் தன்னைத் தாண்டிப் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டும் கசியாது, கிண்ணத்தில் அளவும் குறையாது. புதிதாக வாங்கியதுதானே என்று அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பொருத்தும்போது கப்பின் உதட்டில் ஒரு சிறு கீறல் விழுந்தாலே போதும். ஒரு நிமிடமும் இறுகாமல் நின்றால் கப் நல்லது. அப்படியானால் காற்று, அல்லது ஆயிலில் ஊறிய ஈரம், அல்லது ரப்பர் ஹோஸ் வீங்குவது. ரப்பர் ஹோஸ் இருந்தால், பெடலை மிதிக்கும்போது அதை விரல்களால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், வீக்கம் கையில் தெரியும். எஃகுப் பின்னல் ஹோஸ் என்றால் அந்தக் கவலை இல்லை.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளட்சிலும் பிரேக்கிலும் ஊற்றும் டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஊறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155 பாகைதான். மூன்று குளிர்காலம் வண்டி கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் குளிர்காலத்தில் திறந்த ஆயில் டப்பாவைத்தான் இன்னும் பயன்படுத்துகிறீர்களா? அப்படியென்றால் இன்றே அதை ஒதுக்கிவிடுங்கள், சீல் உடைக்காத புது டப்பா வாங்குங்கள். டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்கலாம். டாட் 5 என்று மட்டும் இருந்தால் அது சிலிகான் ஆயில், வேண்டாம்.

இப்போது காற்றை வெளியேற்றும் முறை. குழாயைக் கழற்றாமல் ஸ்லேவ் சிலிண்டரின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி அதை வெளியே எடுங்கள். பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளி, ஒரு ஜி கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். கிளாம்ப் இல்லாமல் யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும், ஆயில் முழுக்கத் தரையில் கொட்டும். பிறகு பிளீட் நிப்பிள் உச்சியில் வரும்படி சிலிண்டரைத் தூக்கிப் பிடியுங்கள். ஒரு பெரிய ஊசிக்குழலில் புது ஆயிலை நிரப்பி, ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றை நிப்பிளில் மாட்டி, நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, ஆயிலைக் கீழிருந்து மாஸ்டர் சிலிண்டரை நோக்கி உறுதியாகத் தள்ளுங்கள். ஊர்ந்து போகும் ஆயிலுக்கு அசையாத குமிழி, வேகமாக வரும் ஆயிலோடு சேர்ந்து போய்விடும். கிண்ணம் நிரம்பி வழியும் என்பதால் அதிலிருந்து முன்கூட்டியே ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், சுற்றிலும் துணி போடுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். துடைத்தால் மட்டும் போதாது, பெயின்ட்டை அரித்துவிடும்.

இது நோயைத் தீர்க்கும், ஆனால் திமில் அங்கேயே இருந்தால் நோய் திரும்பி வரும். குழாயைச் சேஸியின் கீழ்க் கம்பியை ஒட்டி, எங்கும் எழும்பாமல் கொண்டுபோங்கள். குழாயைச் சிலிண்டரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் இருபுறமும் புதுச் செப்பு வாஷர் போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. ஸ்லேவ் சிலிண்டருக்கும் சூடு வரும் பக்கத்துக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், ஓர் அலுமினியத் தகடு வையுங்கள். பைக்கில் ஓடும்போது அந்தச் சிலிண்டர்மீது காற்று வீசிக்கொண்டே இருந்தது. உங்கள் காரில் அதற்கு மூச்சு விடவே இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கு, 3/4 அங்குலம் போடு என்று அடுத்த வாரம் யாராவது சொல்வார்கள். போட்டால் அறிகுறி மறைந்துவிடும், காற்று உள்ளேயே இருக்கும். கணக்கைப் பாருங்கள். நாம் எடுத்துக்கொண்ட 36 மி.மீ. ஸ்லேவுக்கு, 5/8 அங்குல மாஸ்டர் 10 மி.மீ. நகர்ந்தால் புஷ் ராடு 2 மி.மீ. நகர்கிறது. 3/4 அங்குலத்துக்கு 7 மி.மீ. போதும், ஆனால் காலுக்கு நாற்பது சதவீதத்துக்கும் மேல் பாரம் கூடும். அதைவிட மோசம், அந்த மாஸ்டர் 25 மி.மீ. முழுக்க நகர்ந்தால் புஷ் ராடு 7 மி.மீ. போக வேண்டும்! பிரஷர் பிளேட்டுக்கு அவ்வளவு இடம் ஏது? பைக்கில் கிளட்ச் லீவர் கைப்பிடியில் முட்டி நின்றுவிடும், விரல்களுக்கும் வலிமை குறைவு. நம் காலோ முழு உடம்பின் எடையையும் போட்டு மிதிக்கிறது. ஸ்பிரிங்குகள் நசுங்கி முடிந்தபின்னும் மிதித்தால் சீல் பிய்ந்துபோகும், அல்லது பிரஷர் பிளேட்டைத் தூக்கும் பேரிங் போகும். உங்கள் 5/8 அங்குலமே முழு நகர்வில் கிட்டத்தட்ட 5 மி.மீ. தள்ளும். ஆகவே பெடலுக்குக் கீழே ஒரு தடுப்பு போல்ட் கட்டாயம். காற்றை எடுத்தபின் ஷாஃப்ட் சோதனையை மறுபடி செய்து, விடுபடும் இடத்திலிருந்து இன்னும் 15 மி.மீ. பெடல் இறங்கியதும் முட்டும்படி அதைப் பொருத்துங்கள். உங்கள் கடிதத்தில் தரைவரை மிதித்ததாகப் படித்ததும் எனக்கு முதலில் வந்த கவலை இதுதான்.

கேள்வி: ஐயா, என்னுடையதும் பைக் இன்ஜின் கார்தான், ஆனால் தொல்லை நேர்மாறானது. நன்றாகச் சூடானபின் மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சுற்று ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை. புதுக் கிளட்ச் பிளேட்டுகள் போட்டும் போகவில்லை.
— கே. எம்., டெர்பி

பதில்: புதுப் பிளேட்டுக்குச் செலவழிக்கும் முன் எழுதியிருக்கக் கூடாதா என்று வருத்தமாக இருக்கிறது. நழுவும் நிலையிலேயே ஓரமாக நிறுத்துங்கள். நிப்பிளில் ஒரு குழாயை மாட்டிக் கால் சுற்றுத் திறந்து மூடுங்கள். காலைப் பெடலில் வைக்காமலேயே ஆயில் பீச்சியடித்தால், குழாய்க்குள் அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. நிப்பிளை மூடிவிட்டு ஓட்டினால் சிறிது நேரம் நழுவாது. மாஸ்டர் சிலிண்டரில் கிண்ணத்துக்குத் திறக்கும் ஊசித்துளை ஒன்று உண்டு. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் அது திறக்கும். பெடலோடு இணைந்த தள்ளுகம்பியை நீளமாக முடுக்கிவிட்டால் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அது கிளட்சைத் தள்ளும். தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள்.

நிப்பிளில் ஒன்றும் பீச்சவில்லை என்றால் இன்ஜின் ஆயில் டப்பாவைப் பாருங்கள். இது ஆயிலில் நனைந்தே ஓடும் கிளட்ச். ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி இருக்க வேண்டும். காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், பிளேட்டுகள் வழுக்கும்.

கேள்வி: ஸ்லேவ் சிலிண்டருக்கு அடியில் ஈரம் தெரிகிறது. கிளட்ச் ஆயிலா, இன்ஜின் ஆயிலா என்று தெரியவில்லை. கருப்பாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விடுங்கள். மிதந்தால் இன்ஜின் ஆயில். புஷ் ராடு இன்ஜினிலிருந்து வெளியே வரும் இடத்தில் உள்ள சிறு சீலை மாற்றுங்கள். தண்ணீரில் கரைந்தால் டாட் ஆயில்; ஸ்லேவின் சீல் போயிருக்கிறது. சீலை மட்டும் மாற்றாமல் சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். பைக்கில் இருந்த காலத்தில் செயின் அழுக்கும் தண்ணீரும் சேர்ந்து அரித்த குழிகள் நகத்தில் தட்டினால், அந்தச் சிலிண்டரில் எந்தப் புதுச் சீலும் நீடிக்காது. முழுச் சிலிண்டரையும் மாற்றுங்கள்.

கேள்வி: ஐயா, நான் கோவையில் பொறியியல் படிக்கிறேன். எங்கள் கல்லூரிக் குழு கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் கார்ப் போட்டிக்காகக் கேடிஎம் 390 இன்ஜினில் கார் கட்டுகிறது. அதில் கேபிள் கிளட்ச்தான். ஹைட்ராலிக்காக மாற்றினால் நல்லதா?
— மாணவர், கோவை

பதில்: தம்பி, மாற்ற வேண்டாம். 400 சி.சி.-க்கும் குறைந்த இன்ஜினின் கிளட்சுக்குக் கேபிள் தாராளம். கேபிளை அகன்ற வளைவுகளில் கொண்டுபோங்கள், கூர்மையான திருப்பம் எங்கும் வேண்டாம். அதன் உறையின் இரு முனைகளும் அசையாத தாங்கிகளில் உட்கார வேண்டும். தாங்கி வளைந்தால் பெடலின் நகர்வு அதிலேயே போய்விடும். சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிவையுங்கள். இங்கும் பெடலுக்குத் தடுப்பு வேண்டும். ஏற்கெனவே ஹைட்ராலிக் பாகங்கள் வாங்கிவிட்டீர்கள் என்றால், எந்த ஆயில் என்பதை மூடியில் படித்துவிட்டு ஊற்றுங்கள். மகுரா நிறுவனத்தின் கிளட்ச் சிலிண்டர்களில் மினரல் ஆயில் கேட்பவை உண்டு. அவற்றில் டாட் 4 ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும், டாட் 4-க்கான சிலிண்டரில் மினரல் ஆயில் ஊற்றினாலும் அப்படித்தான். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மாற்றுக் கேபிளை அளவெடுத்துத் தயாராக வண்டியோடு கட்டிவையுங்கள்.